சவரக் கருவி செய்த கோவை மேதை

ஜி. டி. நாயுடுவின் வாழ்க்கை

முகச் சவரம் ஐந்து நிமிட வேலை. அதற்கு ஒரு கருவி வேண்டும். அதன் விலை எவ்வளவு இருக்கும்?

தாம்பரத்திலோ மாடம்பாக்கத்திலோ கடைக்குப் போனால், நூறு ரூபாய்க்குள் ரேசர் வாங்கி வந்துவிடலாம். ஆனால் இருபதாயிரம், முப்பதாயிரம் ரூபாய் விலையுள்ள ரேசர்களும் உலகத்தில் உண்டு! அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிறு பட்டறைக்காரர்கள் அவற்றைச் செய்கிறார்கள். துருப்பிடிக்காத எஃகிலும், டைட்டானியம் என்ற உலோகத்திலும் கடைந்து எடுக்கிறார்கள். கொஞ்சம்தான் செய்வார்கள். ஒவ்வொன்றுக்கும் எண் பொறிப்பதும் உண்டு. முன்கூட்டியே சொல்லி வைத்து, மாதக்கணக்கில் காத்திருந்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

இவ்வளவு விலைக்கும் புகழுக்கும் தகுந்த வேலையை அந்த ரேசர்கள் செய்கின்றனவா?

இந்தக் கேள்விக்கு விடை காண, கோயமுத்தூர்க்காரர் ஒருவரின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். அவர் அதிகம் படித்தவர் அல்ல. பட்டம் வாங்கியவர் அல்ல. ஆனால் பாட்டரியில் ஓடும் சவரக் கருவி செய்தவர். மெல்லிய சவர பிளேடும் செய்தவர். அவர்தான் ஜி. டி. நாயுடு.

மணல் எறிந்த மாணவன்

கோயமுத்தூரை அடுத்த கலங்கல் கிராமத்தில், 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி அவர் பிறந்தார். பெயர் துரைசாமி. தந்தை கோபால்சாமி நாயுடு ஒரு விவசாயி.

துரைசாமிக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. வாத்தியார் மீது மணலை வாரி எறிந்துவிட்டு ஓடும் பிள்ளையாக இருந்தான். ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றது. பையனை வயல் வேலைக்கு அனுப்பினார்கள்.

ஒருநாள் அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்தார். அவர் வந்தது குதிரையில் அல்ல, மோட்டார் சைக்கிளில்! மாடும் இல்லாமல், மிதிப்பதும் இல்லாமல் ஒரு வண்டி தானே ஓடுவதைத் துரைசாமி அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார். அந்த நிமிடமே அது அவர் மனத்தைப் பிடித்துக்கொண்டது. எப்படியாவது அதை வாங்கிவிட வேண்டும் என்று தீர்மானித்தார்.

கையில் காசு இல்லை. கோயமுத்தூருக்குப் போனார். ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். சம்பளத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். சில நூறு ரூபாய் சேர்ந்ததும், அந்த மோட்டார் சைக்கிளையே வாங்கிவிட்டார்.

வாங்கியவர் அதில் ஏறி ஊர் சுற்றினாரா? இல்லை. அதை அக்கு அக்காகக் கழற்றினார். எந்த உறுப்பு எதற்கு என்று பார்த்தார். மறுபடியும் பூட்டினார். அவருக்குப் பள்ளிக்கூடம், வாத்தியார், பாடப் புத்தகம் எல்லாம் அந்த வண்டிதான்.

ஒரு பஸ்: 280 பஸ்

அடுத்து அவர் பஞ்சு வியாபாரத்தில் இறங்கினார். பணம் வந்தது. பம்பாய்க்குப் போய்ப் பெரிய அளவில் வியாபாரம் செய்தார். வந்த பணம் போயிற்று! வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

அப்போது அவருக்குக் கை கொடுத்தவர், கோயமுத்தூரில் தொழில் நடத்திவந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை. அவர் உதவியால் 1920-ம் ஆண்டு நாயுடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்த பஸ் ஓடியது. அதை நாயுடுவே ஓட்டினார்.

ஒரு பஸ் பல பஸ் ஆயிற்று. அதுவே யு. எம். எஸ். என்ற கம்பெனி. 1933-ல் அந்தக் கம்பெனிக்கு 280 பஸ்கள் இருந்தன!

பணம் சேர்ந்தபோதும் அவர் பட்டறையை விட்டு விலகவில்லை. 1937-ல் பாலசுந்தரம் நாயுடு என்பவருடன் சேர்ந்து மின்சார மோட்டார் செய்தார். இந்தியாவிலேயே உருவான முதல் மின்சார மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். கோயமுத்தூர் பிற்காலத்தில் மோட்டாருக்கும் பம்புக்கும் பேர்போன ஊர் ஆயிற்று. அதற்கு விதை போட்டவர்களில் அவரும் ஒருவர்.

சவரக் கருவியின் கதை

முன்காலத்தில் சவரம் என்றால் நீண்ட கத்திதான். அதைக் கல்லில் தீட்ட வேண்டும். தோல் வாரில் தேய்க்க வேண்டும். கொஞ்சம் கை தவறினால் ரத்தம்தான். ஆகையால் பெரும்பாலோர் நாவிதரிடம் முகத்தைக் கொடுத்தார்கள்.

இதை மாற்றியவர் அமெரிக்கரான கில்லெட். தீட்டாமலே போட்டுவிடும் மெல்லிய பிளேடு செய்தால் என்ன என்று 1895-ல் அவருக்குத் தோன்றியது. அவ்வளவு மெல்லிய எஃகுத் தகட்டுக்குக் கூர் ஏற்ற முடியாது என்றார்கள் நிபுணர்கள். நிக்கர்சன் என்ற என்ஜினீயர் முடியும் என்று செய்து காட்டினார். 1903-ல் விற்பனை தொடங்கியது. அந்த ஆண்டில் விற்றவை வெறும் 51 ரேசர்கள். அடுத்த ஆண்டில் விற்றவை சுமார் 90 ஆயிரம்!

அந்த ரேசரின் விலை 5 டாலர். அந்நாளில் அது ஏழைத் தொழிலாளிக்குப் பெரிய தொகை. அரிய பொருளாகத் தொடங்கிய அது, நாளடைவில் விலை இறங்கி வீட்டுக்கு வீடு வந்தது. அதனால்தான் உலகத்துக்குப் பயன்பட்டது.

1931-ல் ஷிக் என்ற இன்னொரு அமெரிக்கர் மின்சார ரேசரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்குத் தண்ணீர் வேண்டாம், சோப்பு வேண்டாம். ஆனால் வீட்டில் மின்சாரம் வேண்டும். அந்நாளில் நம் கிராமங்களில் மின்சாரம் ஏது?

நாயுடு செய்த கருவிக்குப் பெயர் ரேசண்ட். அதற்குள் ஒரு சின்னஞ்சிறு மோட்டார். டார்ச் விளக்கில் போடுகிறோமே, அதுபோன்ற உலர்ந்த பாட்டரியால் அந்த மோட்டார் ஓடும். சுவரில் செருக வேண்டியதில்லை. மின்சாரக் கம்பி எட்டாத ஊரிலும் சவரம் செய்துகொள்ளலாம்.

அழகுக்காகவோ அருமைக்காகவோ செய்த கருவி அல்ல அது. ஒரு குறையைத் தீர்க்க வழி காட்டிய கருவி. நாயுடுவின் மற்றக் கருவிகளையும் பாருங்கள். மண்ணெண்ணெயில் சுற்றும் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, மோசடி செய்ய முடியாத ஓட்டுப் பதிவு எந்திரம். எல்லாம் பயன்பாட்டுக்காகப் பிறந்தவை.

70 ரூபாய் ரேடியோ

அவருடைய மனம் எப்போதும் விலையைக் குறைப்பதிலேயே இருந்தது.

ரேடியோ பணக்காரர் வீட்டுப் பொருளாக இருந்த காலம் அது. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941-ல் அவர் அறிவித்தார். 1952-ல் இரண்டு பேர் போகக்கூடிய பெட்ரோல் கார் செய்தார். விலை 2 ஆயிரம் ரூபாய்தான்!

ஆனால் அந்தக் கார் வீதிக்கு வரவில்லை. அரசாங்கம் லைசென்ஸ் கொடுக்கவில்லை. தயாரிப்பு நின்றது.

நாயுடுவின் வாழ்க்கையில் இதுதான் பெரிய துயரம். கையில் திறமை இருந்தது. பட்டறை இருந்தது. அவர் செய்த பொருளோ ஜனங்களிடம் போய்ச் சேரவில்லை. அரசாங்கத்தின் வரிக் கொள்கையிலும் அவருக்கு மிகுந்த மனக்கசப்பு. 1950-களில், தாம் செய்த பொருள்களைத் தாமே ஜனங்கள் முன்னால் உடைத்துக் காட்டினார். பெற்ற பிள்ளையைப் போல வளர்த்த கருவிகள் அவை. அவற்றை உடைத்தபோது அவர் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்!

ரேசண்ட் ரேசரும் வீட்டுக்கு வீடு வரவில்லை. இன்று அதைக் கடையில் வாங்க முடியாது. எல்லோருக்கும் பயன்பட வேண்டிய பொருள், கடைசியில் அதுவும் ஓர் அரிய பொருள் ஆகிவிட்டது!

படிக்காதவர் திறந்த கல்லூரி

பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவர், பிற்காலத்தில் பிள்ளைகள் தொழில் படிக்க வழி செய்தார். 1945-ல் கோயமுத்தூரில் ஆர்தர் ஹோப் பெயரால் பாலிடெக்னிக்கும் என்ஜினீயரிங் கல்லூரியும் தோன்ற அவரே காரணம். ஹோப் அப்போது சென்னை மாகாண கவர்னர். இன்றும் கோயமுத்தூரில் பஸ் கண்டக்டர் ஹோப் காலேஜ் என்று கூவினால், அது அந்த நாளின் நினைவுதான்.

பாடங்களை ஆண்டுக்கணக்கில் இழுக்கக் கூடாது, கையால் வேலை செய்து கற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. மேலே இருந்தவர்கள் அதற்கு இணங்கவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார்.

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி, 80-வது வயதில் அவர் காலமானார். 2025-ல் கோயமுத்தூர் அவிநாசி ரோட்டில் 10 கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலம் திறக்கப்பட்டது. அதற்கு அவருடைய பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

விலை எதற்கு?

இனி, முப்பதாயிரம் ரூபாய் ரேசரைப் பார்ப்போம். நாயுடு மோட்டார் சைக்கிளைக் கழற்றியதுபோல அதையும் கழற்றிப் பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது? சில ரூபாய்க்குக் கிடைக்கும் அதே பிளேடு! ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமுள்ள எஃகுத் தகடு. மயிரை வெட்டுவது அதுதான். விலை உயர்ந்த பிடி வெட்டுவதில்லை.

அப்படியானால் அந்த விலை முழுவதும் வீணா? அப்படியும் சொல்லக் கூடாது. மலிவான ரேசர் பலவற்றில், மட்டமான உலோகத்தின் மேல் முலாம் பூசியிருப்பார்கள். முலாம் போனால் உள்ளே அரிக்கும். நல்ல எஃகில் கடைந்தது அப்பன், பிள்ளை, பேரன் என்று மூன்று தலைமுறைக்கு உழைக்கும். பிளேடு அசையாமல், சரியான சாய்வில் நிற்கும். கண்ணுக்கும் அழகு. இவற்றுக்கு ஒரு விலை உண்டு. ஆனால் அதற்கு மேல் கொடுக்கும் ஆயிரக்கணக்கான ரூபாய், அது அரிய பொருள் என்பதற்காகத்தான். அந்தப் பணத்தால் கன்னம் இன்னும் வழுவழுப்பு ஆகிவிடாது.

நல்ல சவரத்துக்கு வேண்டியவை என்ன? முகத்தை வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் நனைக்க வேண்டும். ஊறிய மயிர் எளிதில் அறுபடும். சோப்பு நுரை நன்றாக இருக்க வேண்டும். பிளேடு புதிதாக இருக்க வேண்டும். அழுத்தாமல் இழுக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால் நூறு ரூபாய் ரேசரே போதும். இவை இல்லாவிட்டால் டைட்டானியமும் கன்னத்தைக் கீறும்!

ஒரு பொருளுக்குப் பெருமை, அது எத்தனை பேரிடம் இல்லை என்பதில் இல்லை. எத்தனை பேருக்கு வேலை செய்கிறது என்பதில்தான் இருக்கிறது. 70 ரூபாய்க்கு ரேடியோ தர முனைந்த கோயமுத்தூர் மேதையின் வாழ்க்கை சொல்லும் பாடம் இதுதான்.