கப்பலோட்டிய வணிகர்

கடல் வாணிகம் காரைக்கால் மரைக்காயர்களுக்குப் புதிதன்று. ஆயினும் பலரது பணத்தைப் பங்குகளாகத் திரட்டிக் கப்பல் நடத்திய வரலாற்றை நம் மாணவச் செல்வங்கள் தூத்துக்குடி வ.உ. சிதம்பரனாரின் வாழ்விலேயே காண வேண்டும் என்போம்.

1872இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்து வழக்கறிஞரான அப்பெருமகனார் ஒன்றைக் கண்டார். கரிசலில் உழவர் பருத்தி விளைத்தனர். ஆலையில் தொழிலாளர் நூல் நூற்றனர். கொழும்புக்குச் சரக்கும் பயணிகளும் ஏற்றிய கப்பலோ ஆங்கிலேயருடையது. உழவு, தொழில், போக்குவரத்து எனும் மூன்று துறைகளில் கடைசிக் கண்ணி அயலார் கையில் இருந்தது.

1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனம் தோன்றியது. முதலீடு 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அவற்றுள் 8,000 பங்குகளை ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே வாங்கினார். வாடகைக்குக் கப்பல் தந்தவர் ஆங்கிலேயரின் நெருக்கடியால் பின்வாங்கவே, 1907இல் 'காலியா', 'லாவோ' எனும் சொந்தக் கப்பல்கள் வந்தன. காலியா பிரான்சில் வாங்கப்பட்டது; அன்று பிரெஞ்சு ஆட்சியில் வாழ்ந்த நம் முன்னோர்க்கு இச்செய்தி தனிச்சுவை தந்திருக்கும்!

போட்டி நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தது. பின் இலவசமாகவே ஏற்றிக் குடையும் கொடுத்தது. நட்டத்தைத் தாங்கும் பெருமுதல் அதனிடம் இருந்தது. 1908இல் கோரல் ஆலை வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய சிதம்பரனார் அவ்வாண்டே சிறைப்பட்டார். 1911இல் நிறுவனம் கலைந்தது. காலியா போட்டியாளரிடமே விலைபோனது. கட்டணப் போரைக் காட்டிலும், தலைவர் ஒருவரையே நம்பி நின்றதே அதன் மெலிவு என நாம் கருதுகிறோம்.

1912இல் விடுதலையானவர் சென்னையில் மண்ணெண்ணெய்க் கடை வைத்தார். பின்னர் மீண்டும் வழக்கறிஞராகி, 1936 நவம்பர் 18இல் தூத்துக்குடியில் மறைந்தார்.