வளிகளிலிருந்து மின்சாரம் கண்ட வழக்கறிஞர்

வேல்ஸ் நாட்டின் தென்கரையில் உள்ள துறைமுக நகர் சுவான்சி. செம்பு உருக்கும் உலைகளால் பெயர்பெற்ற அந்நகரில், 1811ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 11ஆம் நாள் வில்லியம் ராபர்ட் குரோவ் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் பயின்று, 1835இல் வழக்கறிஞர் ஆனார். உடல்நலக் குறைவால் தொழிலில் முழுமையாக ஈடுபட இயலாமற்போகவே, அவர் மனம் அறிவியலை நாடியது.

நீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் அது ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும் என்பதை அக்கால அறிஞர் அறிந்திருந்தனர். குரோவ் அதனைத் திருப்பிப் பார்த்தார். பிரிந்த வளிகள் மீண்டும் நீராகக் கூடும்போது, மின்சாரம் கிடைக்க வேண்டும் அல்லவா?

1842இல் அவர் அதற்கென ஓர் அடுக்கை அமைத்தார். கண்ணாடிக் குழாய்கள் இரண்டிரண்டாக நீர்த்த கந்தக அமிலத்தில் நிறுத்தப்பட்டன. ஒரு குழாயில் ஹைட்ரஜன், மற்றொன்றில் ஆக்சிஜன். ஒவ்வொன்றிலும் ஒரு பிளாட்டினத் தகடு, மேற்பகுதி வளியிலும் அடிப்பகுதி அமிலத்திலும் இருக்குமாறு வைக்கப்பட்டது. பிளாட்டினம் தான் தேயாமல் வினையை மட்டும் விரைவுபடுத்தும். இத்தகைய பொருளை வினையூக்கி என்பர்.

இங்கே ஓர் இடர் எழுந்தது. வளி, அமிலம், உலோகம் ஆகிய மூன்றும் சந்திக்கும் இடத்தில் மட்டுமே வினை நிகழ்ந்தது. வழவழப்பான தகட்டில் அவ்விடம் ஒரு மெல்லிய கோடளவே. கட்டி வெல்லத்தைவிடப் பொடித்த வெல்லம் விரைந்து கரைவதை நாம் அறிவோம். பரப்பு மிகுந்தால் வினையும் மிகும். குரோவ் தகடுகளின்மேல் நுண்ணிய பிளாட்டினத் துகளைப் படியச் செய்தார். ஐம்பது இணைகளைத் தொடுத்தபோது, கைகோத்து நின்ற ஐவரும் மின்னதிர்ச்சியை உணர்ந்தனர். பட்டப்பகலிலும் தெரியும் பொறி எழுந்தது. நீரும் பிரிந்தது. ஒருபுறம் நீர் உருவாக, அதனால் எழுந்த மின்சாரம் மறுபுறம் நீரைப் பிரித்த அக்காட்சியே அவருக்குப் பெருவியப்பளித்தது.

எனினும், பிளாட்டினம் விலைமிக்கது. வளிமின்கலம் ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை. அதற்குமுன் 1839இல் அவர் துத்தநாகமும் பிளாட்டினமும் கொண்டு செய்த வேறொரு மின்கலமே தந்தி நிலையங்களுக்குச் சென்று அவர் பெயரைப் பரப்பியது. குரோவ் மீண்டும் நீதித்துறைக்குத் திரும்பினார். நஞ்சூட்டிக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட வில்லியம் பாமர் என்னும் மருத்துவருக்காக 1856இல் வாதாடியவர்களுள் அவரும் ஒருவர். 1871இல் நீதிபதியானார், 1887இல் ஓய்வு பெற்றார், 1896ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் முதல் நாள் மறைந்தார்.

அவர் மறைந்து எழுபது ஆண்டுகள் கடந்தபின், நிலவுக்குச் சென்ற அப்பல்லோ விண்கலங்களில் எரிபொருள் மின்கலங்கள் இடம்பெற்றன. அவை மின்சாரத்தோடு, வீரர்கள் பருகும் நீரையும் தந்தன.

ஹைட்ரஜனுக்கு மாற்றாக மெத்தனால் என்னும் நீர்மத்தையும் இன்று இக்கலங்களில் பயன்படுத்துகின்றனர். நீர்மமாதலின் கொண்டுசெல்வது எளிது. ஆனால், மெத்தனால் சிதையும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு பிளாட்டினத்தின்மேல் ஒட்டிக்கொண்டு வினையைத் தடுத்துவிடும். ஆகவே பிளாட்டினத்தோடு ருத்தேனியத்தைச் சேர்க்கின்றனர். ருத்தேனியம் நீரிலிருந்து ஆக்சிஜனைப் பெற்றுத்தர, ஒட்டிய நஞ்சு கார்பன் டைஆக்சைடாக மாறி வெளியேறுகிறது. இவ்விரு உலோகங்களையும் சில நானோமீட்டர் அளவுள்ள துகள்களாக்கிக் கரிப்பொடியின்மேல் பரப்புகின்றனர். குரோவ் படியச்செய்த துகளைவிட அவை மிகச் சிறியவை. சிறிதளவு பிளாட்டினத்தில் பெரும்பரப்பைப் பெறுவதே இன்றைய ஆய்வாளரின் முயற்சியும் ஆகும்.