சத்திரம் காத்த சரபோசி

தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னருள் இரண்டாம் சரபோசி என்றவுடன் சரசுவதி மகால் நூல்நிலையமே யாவர்க்கும் நினைவிற்கு வரும். ஏடு தொகுத்த அம்மன்னர், வீடற்றவர்க்கும் வழிநடையில் வாடியவர்க்கும் நிழலும் சோறும் காத்த வரலாற்றை அறிந்தார் சிலரே.

1777ஆம் ஆண்டிற் பிறந்த சரபோசியைத் துளசா மன்னர் தத்து மகனாக ஏற்றார். எனினும், துளசாவுக்குப் பின் அமரசிங்கரே அரசாண்டார். சுவார்ட்சு பாதிரியாரின் ஆதரவில் கல்வி பயின்ற சரபோசி 1798இல் அரியணை ஏறினார். மறு ஆண்டே கிழக்கிந்தியக் கும்பினியாருடன் செய்த உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி கைம்மாறிற்று. தஞ்சைக் கோட்டையும், ஆண்டுக்கு ஓர் இலட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்திலொரு பங்குமே மன்னர்க்கு எஞ்சின.

இந்நிலையில் சத்திரங்களின் கதி யாது? இராமேசுவரம் செல்லும் பெருவழியில் முன்னோர் அமைத்த அறநிலையங்கள் அவை. நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரம் போல, பலவும் அரச குலத்து மகளிர் பெயரைத் தாங்கியவை. அவற்றிற்கென விடப்பட்ட நிலங்களின் வரும்படியே உலையரிசியும் விறகுமாயிற்று. அவ்வரும்படி கும்பினிக் கருவூலம் புகுமாயின் அடுப்பு அணைந்துபோம். ஆதலின், 1801ஆம் ஆண்டில் மன்னர், தஞ்சையிலிருந்த கும்பினிப் பிரதிநிதி டோரின் என்பார்க்கு நீண்டதொரு மடல் விடுத்தார்.

சத்திரங்களில் நாள்தோறும் நிகழ்வனவற்றை அம்மடல் விரித்துரைக்கின்றது. அந்தணர் முதலாகக் கடைநிலையில் வைக்கப்பட்டோர் ஈறாக, வருவோர் எவர்க்கும் சோறு உண்டு. சமைத்த சோறு கொள்ளாதவர் அரிசியும் பிற பண்டங்களும் பெறுவர். நள்ளிரவில் மணியடித்து, உண்ணாதார் எவரேனும் உளரோ எனக் கூவியழைத்து உணவளிப்பர். நோயுற்றார்க்கு மருத்துவர் உண்டு. நச்சுக்கடிக்கும் மருந்து உண்டு. வழியில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் ஆசிரியர் பொறுப்பில் வளர்வர். கருவுற்ற மகளிர் அங்கேயே மகப்பேறு பெற்றுச் சில திங்கள் தங்கலாம். மாண்டார்க்கு அவரவர் குலமுறைப்படி ஈமக்கடனும் நிகழும். செல்வர் ஒருவர் ஒருநாள் சோறிடக்கூடும். அந்த நள்ளிரவு மணியை ஆண்டு முழுதும் அடிப்பதற்கோ நிலையான வருவாய் வேண்டுமன்றோ? இவ்வறத்தை நடத்தும் பொறுப்பைத் தம்மிடமே விட்டுவைக்குமாறு மன்னர் வேண்டினார்.

வேண்டுகோள் வீண்போகவில்லை; சத்திரங்கள் அவர் கையிலேயே நின்றன. 1802இல் தம் அன்பிற்குரிய முக்தாம்பாள் நினைவாக ஒரத்தநாட்டில் புதியதொரு சத்திரமும் எடுப்பித்தார்.

1832இல் சரபோசி மறைந்தார். அவர் மைந்தர் சிவாசி 1855இல் ஆண்மகவின்றி இறந்தபின் சத்திரங்கள் அரசாங்கத்தின் பொறுப்பிற் சென்று, பின்னர் ஜில்லா போர்டாரிடம் சேர்ந்தன. ஒரத்தநாட்டுச் சத்திரம் பின்னாளில் மாணவர் தங்கிப் பயிலும் விடுதியாகவும் பயன்பட்டது.