காலித் தோட்டாவிடம் பாடம் கேட்டவர்: ஜான் பிரௌனிங்



நம்மில் என்.சி.சி.யில் இருந்தவர்கள் கேம்ப்பில் .22 ரைபிளைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். தரையில் படுத்து, போல்ட்டைப் பின்னால் இழுத்து, தோட்டாவை உள்ளே தள்ளி மூடி, மூச்சைப் பிடித்துச் சுட வேண்டும். அடுத்த குண்டுக்கு மறுபடியும் அதே இழுப்பு, அதே தள்ளு. இந்த இரண்டு வேலையையும் துப்பாக்கியே தானாகச் செய்துகொண்டால் அதற்குப் பெயர் செமி-ஆட்டோமேட்டிக். நாம் ட்ரிக்கரை அழுத்தினால் போதும். ஒரு அழுத்தலுக்கு ஒரு குண்டு.

கேட்க சுலபம்தான். ஆனால் தானாக ஓடுகிற எதுவும் ஒருநாள் தானாக நின்றும் போகும். அப்படி நிற்காமல் ஓட வைப்பது எப்படி, நின்றால் எங்கே பார்ப்பது என்பதிலேயே ஒரு மனிதர் தன் வாழ்நாளைச் செலவிட்டார். எந்த இன்ஜினியரிங் கல்லூரிக்கும் போகாதவர். அவர்தான் ஜான் மோசஸ் பிரௌனிங். டிப்ளமோ படிக்கும் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அவருடையது.

பட்டறையே பள்ளிக்கூடம்

1855 ஜனவரி 23-ல் அமெரிக்காவின் யூட்டா பகுதியில் உள்ள ஆக்டன் என்ற ஊரில் பிறந்தார் பிரௌனிங். அப்பா ஜோனதன் துப்பாக்கி செய்பவர், ரிப்பேர் பார்ப்பவர். மூன்று மனைவிகள், இருபத்திரண்டு பிள்ளைகள் கொண்ட பெரிய குடும்பம். மற்ற பிள்ளைகள் தெருவில் விளையாடிய வயதில் ஜான் அப்பாவின் பட்டறையில் நின்றார். உடைந்த பாகங்கள் குவிந்து கிடக்கும் மூலைதான் அவருடைய விளையாட்டு மைதானம். அங்கிருந்து பொறுக்கிய பழைய இரும்பை வைத்துச் சிறுவயதிலேயே சுடக்கூடிய ஒரு துப்பாக்கியை ஒப்பேற்றிவிட்டார்.

ரிப்பேருக்கு வந்த துப்பாக்கிகள்தான் அவருக்குப் பாடப்புத்தகம். எந்தப் பாகம் முதலில் தேய்கிறது, எந்த ஸ்பிரிங் உடைகிறது, எங்கே அழுக்கு சேர்கிறது என்பதையெல்லாம் அவர் கையாலேயே படித்தார். புதிதாகச் செய்பவன் நன்றாக ஓடும் மெஷினை மட்டும் பார்க்கிறான். ரிப்பேர் பார்ப்பவன் அது எப்படிச் சாகிறது என்பதையும் பார்க்கிறான். பிரௌனிங்கின் பலமே இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1879-ல் அப்பா காலமானார். அதே வருடம் அக்டோபரில் ஜானுக்கு முதல் பேட்டன்ட் கிடைத்தது, ஒற்றைக் குண்டு ரைபிள் ஒன்றுக்கு. தம்பி மேத்யூ கணக்கு வழக்கைப் பார்க்க, சகோதரர்கள் சேர்ந்து ஆக்டனில் அதைத் தயாரித்தார்கள். 1883-ல் வின்செஸ்டர் கம்பெனியின் அதிகாரி பென்னட் அவ்வளவு தூரம் ரயிலேறி வந்து அந்த ரைபிளின் உரிமையை 8,000 டாலருக்கு வாங்கிப் போனார். அதன்பின் சுமார் இருபது வருடம் பிரௌனிங்கின் மூளையும் வின்செஸ்டரின் தொழிற்சாலையும் கூட்டாளிகள்.

வளைந்த புல் சொன்ன சேதி

1889-ல் ஒருநாள் நண்பர்களோடு சுடும் பயிற்சியில் இருந்தார். குண்டு போகும்போதெல்லாம் துப்பாக்கி முனையில் இருந்து சீறும் காற்றில் பக்கத்துப் புற்கள் சாய்வதைக் கவனித்தார். எத்தனையோ பேர் அதைப் பார்த்திருப்பார்கள். இவருக்கு மட்டும் சுருக்கென்றது. வீணாகப் போகும் இந்தச் சக்தியைப் பிடித்து அடுத்த தோட்டாவை ஏற்ற வைத்தால் என்ன? வீட்டுக்கு வந்ததும் சோதனை மாதிரி செய்யத் தொடங்கினார். அந்த யோசனையிலிருந்து பிறந்ததுதான் 1895-ம் வருடத்துக் கோல்ட் மெஷின் கன்.

அதற்குப் பிறகு ஆட்டோமேட்டிக் ஷாட்கன். இதற்கு மொத்தமாக ஒரு தொகை வேண்டாம், விற்கும் ஒவ்வொன்றுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டார். வின்செஸ்டர் மறுத்தது. 1902 ஜனவரியில் ரெமிங்டன் கம்பெனித் தலைவரைப் பார்க்கப் போய்க் காத்திருந்தார். அன்றைக்கே அந்தத் தலைவர் மாரடைப்பில் இறந்துவிட்டார். பிரௌனிங் மனம் தளரவில்லை. கப்பல் ஏறி பெல்ஜியத்தில் எஃப்.என். தொழிற்சாலைக்குப் போனார். அங்கே அந்த ஷாட்கன் ஏற்கப்பட்டது. 1998 வரை அதன் தயாரிப்பு நடந்தது என்றால் டிசைனின் ஆயுளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்ன ரைபிள், பெரிய தலைவலி

இப்போது நம்ம .22 கதைக்கு வருவோம். இதை ரிம்ஃபயர் என்பார்கள். தோட்டாக் கூட்டின் அடி விளிம்புக்குள் பற்றும் மருந்து இருக்கும். ஃபயரிங் பின் அந்த விளிம்பை நசுக்கினால் மருந்து பற்றும். குண்டின் எடை சுமார் 2.6 கிராம்தான். விலை மலிவு, உதை கிடையாது, பழகுபவர்களுக்கு ஏற்றது.

ஆனால் செமி-ஆட்டோமேட்டிக் செய்பவனுக்கு இது தலைவலி. காரணம், சக்தி மிகக் குறைவு. வெடிக்கும்போது காலிக் கூடு பின்னால் உதைக்கிறது. அந்தச் சின்ன உதையை வைத்துத்தான் கனமான போல்ட் பின்னால் போக வேண்டும், காலிக் கூட்டை இழுத்து வெளியே தள்ள வேண்டும், சுத்தியலை ஏற்ற வேண்டும், ஸ்பிரிங்கை அமுக்க வேண்டும். பிறகு ஸ்பிரிங் விரிந்து போல்ட் முன்னால் வரும்போது அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளி மூட வேண்டும். வரவு கொஞ்சம், செலவு நிறைய. மாசக் கடைசி பட்ஜெட் மாதிரி! நடுவில் கொஞ்சம் அழுக்கு வழிப்பறி செய்தாலும் கணக்கு உதைக்கும்.

வின்செஸ்டர் 1903-ல் ஒரு .22 ஆட்டோமேட்டிக்கைக் கொண்டுவந்தது. அக்காலத்தில் கருமருந்துத் தோட்டாக்களும் கடையில் கிடைத்தன. அவற்றின் கரி மெக்கானிசத்தை அடைத்துவிடும் என்பதால் அந்த ரைபிளுக்கென்றே தனித் தோட்டா செய்தார்கள். பிரௌனிங்கின் .22 செமி-ஆட்டோமேட்டிக்கை எஃப்.என். 1914-ல் தயாரிக்கத் தொடங்கியது. அது சாதாரண .22 தோட்டாவிலேயே ஓடியது. ஷார்ட் தோட்டாவுக்கு ஒரு ரைபிள், லாங் ரைபிள் தோட்டாவுக்கு இன்னொன்று. எடை இரண்டரை கிலோவுக்குள். தோட்டாக்கள் பின்கட்டைக்குள் ஒரு குழாயில் வரிசையாக நிற்கும். காலிக் கூடு பக்கவாட்டில் முகத்தருகே பறக்காமல் கீழே விழும். கருவி எதுவும் இல்லாமல் கையாலேயே இரண்டாகக் கழற்றலாம். பிறகு ரெமிங்டனும் அமெரிக்காவில் அதைத் தயாரித்தது, பின்னாளில் ஜப்பானிலும் தயாரானது.

நின்ற இடமே சாட்சி

அப்படிப்பட்ட ரைபிளும் நிற்கும். அப்போது பதறிப்போய் எல்லாவற்றையும் கழற்றுகிறவன் மெக்கானிக் அல்ல. நான் இன்-பிளான்ட் ட்ரெயினிங்குக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்குப் போயிருந்தேன். அப்பர் தைக்கும் மெஷின் ஒன்று தையல் விட்டு விட்டுப் போட்டது. நான் உடனே ஸ்பேனரைத் தூக்கினேன். மெக்கானிக் அண்ணன் என் கையைத் தட்டிவிட்டு, தைத்த தோலைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு ஊசியைப் பார்த்தார். நுனி லேசாக வளைந்திருந்தது. மாற்றினார், மெஷின் ஓடியது. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மெஷினைக் கேட்பதற்கு முன்னால் அது போட்ட தையலைக் கேள் என்பதே அவர் எனக்குத் தந்த பாடம்.

துப்பாக்கிக்கும் இதே பாடம்தான். சுழற்சி எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைப் பார்த்தால் குற்றவாளி பாதி பிடிபட்ட மாதிரி.

காலிக் கூடு சேம்பருக்குள்ளேயே இருந்தால், அதை இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் தேய்ந்திருக்கலாம், அல்லது சேம்பரில் ஈயமும் மெழுகும் படிந்திருக்கலாம். .22 குண்டு பெரும்பாலும் மெழுகு பூசிய ஈயம் என்பதை மறக்காதீர்கள். கூடு வெளியே வந்தும் வாசலில் மாட்டிக்கொண்டால், போல்ட் முழுத் தூரம் பின்னால் போகவில்லை என்று சந்தேகிக்கலாம். தோட்டா பலவீனமாக இருக்கலாம், போல்ட் ஓடும் வழியில் அழுக்கு இருக்கலாம். எஜெக்டர் தேய்ந்தாலும் இதே அறிகுறிதான். கூடு போய்விட்டது, புதுத் தோட்டா வரவில்லை என்றால் மேகசின் ஸ்பிரிங்கையும் குழாயையும் பார்க்க வேண்டும். அரைகுறையாகப் போய்வந்த போல்ட்டும் புதுத் தோட்டாவைப் பிடிக்காது. தோட்டா பாதி நுழைந்து நின்றால், அது நசுங்கியதா, சேம்பர் அழுக்கா என்று பார்க்க வேண்டும்.

டிக் என்ற சத்தம் மட்டும் கேட்டு வெடிக்கவில்லையா? அவசரப்பட்டுத் திறக்கக் கூடாது. தாமதமாக வெடிக்க வாய்ப்புண்டு. முனையைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்து அரை நிமிஷமாவது காத்திருக்க வேண்டும். பிறகு தோட்டாவின் விளிம்பைப் பார்க்கலாம். தழும்பு லேசாக இருந்தால் ஃபயரிங் பின்னிலோ அழுக்கிலோ போல்ட் முழுசாக மூடாததிலோ குற்றம். தழும்பு ஆழமாக இருந்தும் வெடிக்கவில்லை என்றால் அந்த இடத்தில் பற்றும் மருந்து இல்லாமல் இருந்திருக்கலாம். அது தோட்டாவின் குற்றம்.

முறை ரொம்ப எளிது. எதற்கும் முன்னால் மேகசினையும் சேம்பரையும் காலி செய்து கண்ணாலும் விரலாலும் சரிபார்க்க வேண்டும். அடுத்து வேறு தோட்டா போட்டுப் பார்ப்பது. பிறகு சுத்தம் செய்வது. எண்ணெய் ஒரு சொட்டு போதும், அதிகமானால் அதுவே கரியைப் பிடித்துச் சேறாக்கும். கடைசியில்தான் ஸ்பிரிங், கொக்கி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது குணமாக்கியது என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருக்க 1959-ம் வருடத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் தேவை. இது படித்துத் தெரிந்துகொள்ள மட்டுமே, வீட்டில் செய்து பார்க்க அல்ல!

ஆறாயிரம் குண்டுப் பரீட்சை

பிரௌனிங் தன் டிசைனைப் பேச்சால் நிரூபிக்கவில்லை. அமெரிக்க ராணுவம் புது பிஸ்டலுக்காக வைத்த பரீட்சையில் 6,000 குண்டுகள் சுடப்பட்டன. சூடு ஏறியபோது தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடி சுட்டார்கள். அவருடைய பிஸ்டல் ஒருமுறைகூட அடைத்துக்கொள்ளவில்லை. 1911 மார்ச்சில் ராணுவம் அதை ஏற்றது. 1917-ல் அவருடைய மெஷின் கன் இன்னொன்று 48 நிமிஷத்துக்கு மேல் இடைவிடாமல் சுட்டுக் காட்டியது. மொத்தம் 128 பேட்டன்டுகள். பேப்பரில் வரைவதைவிடக் கையால் மாதிரி செய்து, சுட்டுப் பார்த்து, தவறைக் கண்டு, மறுபடி செய்வதே அவர் வழி.

நாணயத்தின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 1914 ஜூன் 28-ல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைக் கொன்ற பிஸ்டலும் எஃப்.என். தயாரித்த பிரௌனிங் டிசைன்தான். அதைத் தொடர்ந்து முதல் உலகப்போர் மூண்டது. பிள்ளைகள் குறிபார்த்துப் பழக ஒரு சின்ன ரைபிள் தயாரிப்புக்கு வந்த அதே வருடம்! நிற்காமல் ஓடும் மெஷினைச் செய்பவன் அது யார் கைக்குப் போகும் என்பதைத் தீர்மானிக்க முடிவதில்லை. இந்தக் கேள்வியை அவர் மட்டுமல்ல, நாளைக்கு எந்தத் தொழிற்சாலைக்குள் நுழையும் நாமும் சுமந்தாக வேண்டும்.

1926 நவம்பர் 26-ல், பெல்ஜியத்தின் எஃப்.என். தொழிற்சாலையில் வேலையில் இருந்தபோதே இதயம் நின்று பிரௌனிங் இறந்தார். வயது 71. முடிக்காமல் விட்ட பிஸ்டலை எஃப்.என்.னில் இருந்த சேவ் என்பவர் வளர்த்து 1935-ல் முடித்தார். அந்த மாதிரியில் நம் நாட்டு இஷாப்பூர் ரைபிள் ஃபேக்டரியும் 9 மி.மீ. பிஸ்டல் தயாரித்தது. ஆக்டன் பட்டறையில் தொடங்கிய கதை வங்காளம் வரை வந்து சேர்ந்திருக்கிறது!

நண்பர்களே! நாளைக்கு ராணிப்பேட்டையிலோ வாணியம்பாடியிலோ ஒரு தோல் கம்பெனியில் மெஷின் நின்று, பத்து பேர் நம் முகத்தைப் பார்ப்பார்கள். டிப்ளமோதானே என்று ஒருவர் முணுமுணுக்கவும் கூடும். அப்போது பிரௌனிங்கை நினைத்துக்கொள்வோம். ஸ்பேனரைத் தூக்குமுன் அது எந்தக் கட்டத்தில் நின்றிருக்கிறது என்று குனிந்து பார்ப்போம். மெஷின் பொய் சொல்லாது. கேட்கத் தெரிந்தவனுக்கு அது எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

– மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை