மனத்துக்கு மருத்துவர் யார்?

உடல் நோயைத் தீர்ப்பதற்கு வைத்தியப் பட்டம் அவசியம் என்பதை எவரும் மறுக்கமாட்டார். மன நோயைத் தீர்ப்பவருக்கும் அப்பட்டம்தான் அருகதையா? இவ்வினாவை உலகின்முன் வைத்துப் போராடியவர் ஸிக்மண்ட் பிராய்டு. அவருடைய கனவு ஆராய்ச்சியை அறிந்தோர் பலர். இப்போராட்டத்தை அறிந்தோர் சிலரே. ஆதலின் அதனை நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

1856-ஆம் வருஷம் மே மாதம் 6-ந் தேதி, மொரேவியாவிலுள்ள பிரைபெர்க் என்னும் சிற்றூரில், யூத வணிகர் ஒருவரின் குமாரராக அவர் பிறந்தார். 1881-இல் வியன்னா ஸர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்றார். 1885-இல் பாரிஸ் சென்று ஷார்கோ என்னும் நிபுணரிடம் பயின்றார். ஆயினும் மனப்பகுப்பு முறையை எந்தக் கல்லூரியும் அவருக்குப் போதிக்கவில்லை. நோயாளிகளின் பேச்சைப் பொறுமையுடன் கேட்டும், தம் கனவுகளைத் தாமே சோதித்தும் அவரே அதனை வகுத்தார்.

பிறர் மனத்தை ஆராயப் புகுவோன் முதலில் தன் மனத்தை ஆராயவேண்டும் என்பது அவரது கொள்கை. 1920-இல் பெர்லினில் அவருடைய சீடர்கள் நிறுவிய சிகிச்சை நிலையத்தில் இக்கொள்கை பயிற்சி முறையாக உருப்பெற்றது. மாணவன் தானே பகுப்புக்கு உட்படுதல், சாஸ்திரம் கற்றல், மூத்தவர் மேற்பார்வையில் நோயாளியை நடத்துதல் என்பன அதன் மூன்று அங்கங்கள். பிற நாடுகள் பலவும் அதனையே பின்பற்றின.

1926-இல் வியன்னாவில், வைத்தியரல்லாத தியோடர் ரைக் என்னும் சீடர்மீது போலி வைத்தியம் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டது. எழுபது வயதான பிராய்டு வாளாவிருக்கவில்லை. அவ்வாண்டே ஒரு நூலெழுதி, பட்டமன்று, பயிற்சியே வேண்டுமென்று வாதாடினார். வழக்கும் மேலே நடவாது நின்றது.

ஆனால் தேசத்துக்குத் தேசம் தீர்ப்பு வேறுபட்டது. இங்கிலாந்தில், வைத்தியப் பட்டமில்லாத மெலனி கிளைனும், உபாத்தியாயினியாக இருந்த பிராய்டின் குமாரி அன்னாவும், பிறருக்குப் பயிற்சியளிக்கும் ஆசிரியர்களாயினர். அமெரிக்கச் சங்கமோ 1938-இல் வைத்தியர்க்கே இடமென்று கதவடைத்தது. நமது கல்கத்தாவில் டாக்டர் கிரீந்திரசேகர போஸ், ஐரோப்பா சென்று பயிலாமலே இம்முறையைக் கைக்கொண்டு, 1922-இல் சங்கம் நிறுவினார். அதனைச் சர்வதேசச் சங்கமும் ஏற்றது.

1938-இல் நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றவே, பிராய்டு லண்டனில் புகலடைந்தார். 1939 செப்டம்பர் 23-ந் தேதி அங்கேயே காலமானார். அமெரிக்காவில் மனோதத்துவ நிபுணர்கள் தொடுத்த வழக்கு 1988-இல் சமரசமாகி, அடைத்த கதவு பட்டமில்லாதோருக்கும் திறந்தது.

போலிகளுக்கு அஞ்சியவர்களின் அச்சம் ஆதாரமற்றதன்று. ஆனால் அதற்குப் பரிகாரம் கடுமையான பயிற்சியேயன்றி, ஒரு தொழிலாரின் தனியுரிமையன்று. துன்புறும் நோயாளிக்கு வேண்டுவது பயின்று பண்பட்ட மனம்; சுவரில் தொங்கும் பத்திரம் அதற்கு ஈடாகாது என்பதே நமது அபிப்பிராயம்.