கூலிக்கு வேலி கட்டிய அம்பேத்கர்

ஆரணியில் பொழுது நன்றாக விடிவதற்கு முன்பே இரண்டு வேலைகள் தொடங்கிவிடும்.

ஒன்று, நகராட்சித் தொழிலாளி தெருவைக் கூட்டும் வேலை. மற்றொன்று, பட்டு நெசவாளி தெருவில் பாவு நீட்டும் வேலை. தெரு சுத்தமாக இல்லாவிட்டால் பாவில் தூசி படியும். கூட்டுகிற கை ஓய்ந்தால் நெய்கிற கைக்கும் சங்கடம்தான்.

மாலையில் இரண்டு பேர் வீட்டிலும் ஒரே கேள்வி எழுகிறது. இன்று கூலி எவ்வளவு?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் உரிமை, ஒரு காலத்தில் வேலை கொடுப்பவருக்கு மட்டுமே இருந்தது. அவர் கொடுத்ததுதான் கூலி. அவர் போகச் சொன்னபோதுதான் வீடு.

இதற்குக் கீழே கூலி குறையக் கூடாது, இத்தனை மணிக்கு மேல் வேலை வாங்கினால் அதற்குத் தனிக் கூலி தர வேண்டும் என்று இந்தியா முழுமைக்கும் ஒரு மசோதாவை முதலில் மத்திய சட்டசபையில் கொண்டு வந்தவர் டாக்டர் அம்பேத்கர்.

அரசியல் சட்டத்தை வகுத்தவர் என்று அவரை எல்லோருக்கும் தெரியும். நான்கு ஆண்டுகள் தொழிலாளர் இலாகாவை நடத்தியவர் என்பது பலருக்குத் தெரியாது. அந்தக் கதை இது.

இரட்டை வாடகை கொடுத்த சிறுவன்

பீமராவ் ராம்ஜி அம்பேத்கர் 1891-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி, மத்திய இந்தியாவில் மாவ் என்ற ராணுவ முகாமில் பிறந்தார். தகப்பனார் ராம்ஜி ராணுவத்தில் சுபேதார். தாயார் பீமாபாய், மகன் சிறு பிள்ளையாக இருக்கும்போதே காலமாகிவிட்டார்.

மகார் சாதியில் பிறந்ததால் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார இடமில்லை. வீட்டிலிருந்து ஒரு சாக்கு கொண்டு போய், அதன்மேல் உட்கார்ந்து படித்தார். தாகம் எடுத்தால் தானே குழாயைத் திறக்கக் கூடாது. பள்ளிச் சேவகர் வந்து திறந்துவிட வேண்டும். சேவகர் வராத நாளில் தண்ணீரும் இல்லை.

1901-ம் ஆண்டு, வெளியூரில் வேலை பார்த்த தகப்பனாரைப் பார்க்க, பீமராவ் தன் வீட்டுப் பிள்ளைகளோடு ரயிலில் புறப்பட்டார். வயது ஒன்பது பத்துதான் இருக்கும். மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினார்கள். அழைத்துப் போக யாரும் வரவில்லை.

மாட்டு வண்டிகள் நின்றன. ஆனால் பிள்ளைகளின் சாதி தெரிந்ததும் வண்டிக்காரர்கள் விலகிக் கொண்டார்கள். கடைசியில் ஒருவர் மட்டும் சம்மதித்தார். வழக்கமான வாடகையைப்போல் இரண்டு பங்கு தர வேண்டும், வண்டியைப் பிள்ளைகளே ஓட்டிக் கொள்ள வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. அவர் பக்கத்தில் நடந்து வந்தார். வழி நெடுகக் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை.

வேலையையும் தாமே செய்து, பணத்தையும் இரட்டிப்பாகக் கொடுத்த அந்த இரவை அவர் கடைசி வரை மறக்கவில்லை. பிற்காலத்தில் தம் கைப்படவே அதை எழுதி வைத்தார்.

தொழிலாளர் குடியிருப்பில் ஒரு பட்டதாரி

1907-ல் மெட்ரிகுலேஷன் தேறினார். 1912-ல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார். பரோடா மகாராஜா உதவிச் சம்பளம் கொடுக்க, 1913-ல் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தார். பிறகு லண்டனிலும் படித்து, டாக்டர் பட்டமும் பாரிஸ்டர் பட்டமும் பெற்றுத் திரும்பினார்.

இவ்வளவு படித்தவர் குடியிருந்தது எங்கே? பம்பாயில் பரேல் பகுதியில், ஆலைத் தொழிலாளர்கள் நெருக்கமாக வாழ்ந்த வரிசைக் குடியிருப்பில்தான். ஆலைச் சங்கு ஊதியதும் எழுந்து ஓடுகிறவர்களையும், இரவில் களைத்து வருகிறவர்களையும் அவர் தினமும் பார்த்தார். தொழிலாளியின் வறுமை அவருக்கு அடுத்த வீட்டுச் செய்தி.

மகாட் குளமும் ஒரு தீர்மானமும்

பம்பாய் மாகாணத்தில் மகாட் என்பது ஒரு சிறு பட்டணம். அந்த ஊர் நகரசபை, பொதுக் குளத்தில் எல்லாச் சாதியாரும் தண்ணீர் எடுக்கலாம் என்று 1924-ல் தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது. தாழ்த்தப்பட்டவர்களோ குளத்தின் பக்கமே போக முடியவில்லை.

1927-ம் ஆண்டு மார்ச் 20-ந் தேதி, அம்பேத்கர் பெருங்கூட்டத்தை அழைத்துக் கொண்டு குளத்துக்கு நடந்தார். தண்ணீரை அள்ளிக் குடித்தார். அதன் பிறகு அடிதடி நடந்தது. நகரசபையும் தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. வழக்கு கோர்ட்டுக்குப் போயிற்று. 1937-ல் பம்பாய் ஐகோர்ட்டு தாழ்த்தப்பட்டவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது.

உரிமையை எழுதி வைத்தால் மட்டும் போதாது. அதை நடந்து போய் எடுத்துக் கொள்ள வேண்டும், தடுத்தால் வழக்காடவும் வேண்டும். மகாட் குளம் காட்டிய இந்தப் பாடம் கூலிக்கும் பொருந்தும்.

வேலையை விட்டால் சிறை

அந்தக் காலத்தில் நகரசபைத் துப்புரவுத் தொழிலாளியின் நிலை என்ன?

சில மாகாணங்களில், தோட்டி வேலை செய்கிறவர் முன்கூட்டிச் சொல்லாமல் வேலைக்கு வராமல் நின்றால் அது குற்றம். அவரைச் சிறைக்கு அனுப்பலாம். மற்ற வேலைக்காரர் வராவிட்டால் சம்பளம் போகும். இவருக்கோ சுதந்திரமே போகும். ஆனால் இவருக்குக் குறைந்தது இவ்வளவு கூலி தர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

கடமைக்குச் சட்டம் உண்டு, கூலிக்குச் சட்டம் இல்லை. இந்த அநியாயத்தை அம்பேத்கர் தம் எழுத்துக்களில் எடுத்துக் காட்டினார். பம்பாய் நகரசபைத் தொழிலாளர்களுக்காகச் சங்கம் அமைத்தார். 1936-ல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1938-ல் வேலைநிறுத்த உரிமையைக் குறைக்கும் மசோதா பம்பாய் சட்டசபைக்கு வந்தபோது கடுமையாக எதிர்த்தார். விருப்பம் இல்லாதவனைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்குவது அடிமைத்தனம் என்பது அவர் வாதம். அந்த ஆண்டு நவம்பர் 7-ந் தேதி பம்பாயில் ஒரு நாள் வேலைநிறுத்தம் நடந்தது.

டில்லியில் நான்கு ஆண்டுகள்

1942-ம் ஆண்டு ஜூலை மாதம், வைசிராயின் நிர்வாக சபையில் அம்பேத்கர் தொழிலாளர் இலாகா உறுப்பினரானார். இப்போதைய மந்திரி பதவி போன்றது அது.

சர்க்கார், முதலாளி, தொழிலாளி என்ற மூன்று தரப்பாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசும் மாநாடுகள் அவர் காலத்தில் வரிசையாக நடந்தன. குறைந்தபட்சக் கூலியைச் சட்டத்தால் நிர்ணயிக்கலாமா என்பது 1943 முதல் அங்கே விவாதிக்கப்பட்டது.

உலகில் இது புது யோசனை அல்ல. நியூசிலாந்து 1894-லேயே வழி காட்டியது. 1928-ல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடும் இதை ஏற்றுக் கொண்டது. இந்தியாவில்தான் தாமதம்.

1944 செப்டம்பரில் அவர் சென்னைக்கும் வந்தார். 1918-லேயே பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காக வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்த ஊர் அது.

1946-ம் ஆண்டு இரண்டு பெரிய காரியங்கள் நடந்தன. முதலாவது, தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலை 48 மணியாகக் குறைந்தது. இரண்டாவது, ஏப்ரல் 11-ந் தேதி குறைந்தபட்சக் கூலி மசோதாவை அம்பேத்கர் மத்திய சட்டசபையில் தாக்கல் செய்தார்.

மசோதா நிறைவேறும் முன்பே அந்த நிர்வாக சபை மாறிவிட்டது. சுதந்திரம் வந்தது. அம்பேத்கர் சட்ட மந்திரியானார். தொழிலாளர் மந்திரியாக இருந்தவர் பாபு ஜகஜீவன்ராம். அவர் காலத்தில் சட்டம் நிறைவேறி, 1948 மார்ச் 15 முதல் அமலுக்கு வந்தது. ஒருவர் விதைத்ததை மற்றொருவர் அறுவடை செய்தார். இருவருமே ஒடுக்கப்பட்ட மக்களிடமிருந்து வந்தவர்கள்.

பன்னிரண்டில் ஆறாவது

1948-ம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருந்தது. அதன் முதற் பகுதியில் பன்னிரண்டு தொழில்கள். அரிசி ஆலை, பீடித் தொழில், தோட்டத் தொழில், எண்ணெய் ஆலை, கல் உடைப்பு, தோல் பதனிடுதல் முதலியவை அதில் இருந்தன. அவற்றோடு, ஆறாவதாக, உள்ளாட்சி மன்றங்களில் செய்யும் வேலையும் இடம் பெற்றது.

இது சின்ன விஷயம் அல்ல. நகரசபையும் பஞ்சாயத்தும் தனியார் ஆலைகள் அல்ல. அவை பொதுமக்களின் சபைகள். பொதுச் சபையாக இருந்தாலும் தொழிலாளிக்குக் கூலியைக் குறைக்க முடியாது என்று சட்டம் சொல்லிவிட்டது. பீடி முதலாளிக்கு ஒரு நீதி, நகரசபைக்கு ஒரு நீதி என்பது இல்லை.

நாள் கூலிக்கு மட்டுமல்ல, உருப்படிக் கூலிக்கும் குறைந்த அளவு வைக்கலாம் என்றும் அச்சட்டம் சொன்னது. சேலை அறுத்தால்தான் கூலி என்று வாழும் நெசவாளிக்கு இது முக்கியம். பிற்காலத்தில் தமிழ்நாட்டில் பட்டுக் கைத்தறி நெசவும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

அதிக நேரத்துக்கு இரட்டிப்பு

ஓவர்டைம் என்கிறோமே, அந்தக் கணக்கு என்ன?

1950-ம் ஆண்டின் மத்திய விதிகள், வயது வந்தவருக்கு நாளுக்கு 9 மணி வேலை என்று வைத்தன. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. அதற்கு மேல் வேலை வாங்கினால், விவசாயம் நீங்கலான தொழில்களில் கூலி இரட்டிப்பு.

கணக்குக்காக ஒரு உதாரணம். ஒருவருக்கு 9 மணி வேலைக்கு 540 ரூபாய் கூலி என்று வைத்துக் கொள்வோம். மணிக்கு 60 ரூபாய் ஆகிறது. திருவிழாவுக்காக இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தெரு கூட்டினால், மணிக்கு 120 வீதம் 240 ரூபாய் சேர வேண்டும். ஒரு டீயும் பொட்டலமும் வாங்கிக் கொடுத்து அனுப்புவது ஓவர்டைம் ஆகாது.

இன்னொரு பாதுகாப்பும் உண்டு. குறைந்த கூலிக்குத் தொழிலாளி தானே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கி ஏமாற்றுகிறவர்களுக்குப் போட்ட தடை இது.

சட்டம் வந்தால் போதுமா?

1950-ல் அமலுக்கு வந்த நமது அரசியல் சட்டத்தை வகுத்த குழுவுக்கு அம்பேத்கர் தலைவர். கட்டாய உழைப்பை அதன் 23-வது பிரிவு தடை செய்கிறது. 1982-ல், டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டடம் கட்டிய தொழிலாளர்களின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்புதான் என்பது அதன் சாரம். அம்பேத்கர் மறைந்து 26 ஆண்டுகளுக்குப் பின், அவர் வேலை செய்த இரண்டு சட்டங்களும் ஒரே தீர்ப்பில் கை கோத்தன.

2017 அக்டோபர் 11-ல் தமிழ்நாடு அரசு உள்ளாட்சித் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியைத் திருத்தி ஆணை போட்டது. அந்த ஆணைப்படி கூலி தர வேண்டும் என்று பல ஊர்களில் துப்புரவுத் தொழிலாளர்கள் மனுக் கொடுத்தும் போராடியும் வந்திருக்கிறார்கள். காகிதத்தில் இருக்கும் கூலி கைக்கு வர, மகாட் குளத்துக்கு நடந்ததுபோல் நடக்கத்தான் வேண்டியிருக்கிறது.

1948-ம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2019-ம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு வந்தது. 2025 நவம்பர் 21-ல் அது அமலுக்கு வந்தது. குறைந்தபட்சக் கூலியைப் பட்டியலில் உள்ள தொழில்களுக்கு மட்டும் என்று வைக்காமல், எல்லாத் தொழிலுக்கும் அது விரித்துவிட்டது. அதிக நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பது அதிலும் உண்டு. கூலி பாக்கியைக் கேட்டு மனுக் கொடுக்க மூன்று ஆண்டு அவகாசமும் இருக்கிறது.

ஆகவே, வேலைக்குப் போகிற ஒவ்வொருவரும் மூன்று காரியங்களைச் செய்வது நல்லது. வந்த நாளையும் நின்ற நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். கூலிச் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். தொகை குறைந்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால், இந்தக் கணக்கை அவர்களே எழுதிக் கொடுக்கலாம்.

அம்பேத்கர் 1956 டிசம்பர் 6-ந் தேதி டில்லியில் காலமானார். அவருடைய உடல் பம்பாய்க்குக் கொண்டு வரப்பட்டபோது ஆலைத் தொழிலாளர்களும் நகரசபைத் தொழிலாளர்களும் கடல்போல் திரண்டு வந்தார்கள்.

அவர் கட்டிய வேலி நிற்கிறது. அதில் ஓட்டை விழாமல் பார்த்துக் கொள்வது, கூலி வாங்குகிறவர்களின் பொறுப்பு மட்டுமல்ல. சுத்தமான தெருவில் நடக்கிற நம் எல்லோருடைய பொறுப்பும் ஆகும்.