ஊருக்குள்ளேயே ஜாமீன் கண்ட கலெக்டர் நிக்கல்சன்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்கள், விடியுமுன் ஜீப் ஏறி போடிமெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள், மலையடிவாரத்தில் இலவம், காபி, மிளகு என்று சிறிதளவு வெள்ளாமை வைத்திருக்கும் குடும்பத்தினர் என்று பலருக்கும் இன்று மகளிர் குழுக் கடன் பழக்கமானது. கறவை மாடு வாங்க, தையல் மெஷின் வாங்க, பெட்டிக்கடை போட இந்தப் பணம் கைகொடுக்கிறது. நிலப்பத்திரம் கேட்பதில்லை, நகை கேட்பதில்லை. குழுவில் இருக்கும் மற்றவர்களே ஜாமீன்.

ஒருவருக்கு ஒருவர் பொறுப்பேற்றுக் கடன் வாங்கும் இந்த முறையை, ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்கு முன்பே நம் மண்ணுக்கு ஏற்றது என்று ஆராய்ந்து சொன்னவர் சர் பிரெடெரிக் அகஸ்டஸ் நிக்கல்சன். இந்தியக் கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடிகளில் முதல் வரிசையில் வைக்கப்படுபவர்.

பஞ்சம் காட்டிய பாடம்

1846-ல் பிறந்த நிக்கல்சன், 1869-ல் இந்திய சிவில் சர்வீஸ் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். திருநெல்வேலி, கோயம்புத்தூர் உள்ளிட்ட மாவட்டங்களில் கலெக்டராக இருந்தார். அவர் பணியாற்றிய காலத்தில்தான் 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் மாகாணத்தை வாட்டியது. மழை பொய்த்த ஊர்களில் விதைநெல்லும் உழவுமாடும் போன பிறகு, குடியானவருக்கு மிஞ்சியது கடன் மட்டுமே.

1887-ல் கோயம்புத்தூர் மாவட்டம் குறித்த விரிவான கையேட்டை அவர் தொகுத்தார். கிணற்றுப் பாசனம், பயிர்கள், மண்வளம், குடியானவர்களின் வரவு செலவு என்று அதில் அவர் திரட்டிய விவரங்கள் ஏராளம். வயலையும் வட்டியையும் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் அவருக்கு இருந்தது.

அரசு சும்மா இருக்கவில்லை. கிணறு வெட்டவும் வரப்பு கட்டவும் 1883-லும், விதையும் மாடும் வாங்க 1884-லும் தக்காவி கடன் சட்டங்கள் வந்தன. ஆனால் மனு, விசாரணை, ஜாமீன் என்று அலைந்து அந்தப் பணத்தை வாங்குவதற்குள் விதைப்புப் பருவம் முடிந்துவிடும். அவசரத்துக்கு வாசலில் நின்றவர் லேவாதேவிக்காரர்தான். அவருக்கு ஊரில் எல்லோரையும் தெரியும். இரவிலும் பணம் கொடுப்பார். வட்டி கழுத்தை நெரித்தாலும் குடியானவர் அவரிடமே போனார்.

ஜெர்மனியில் கிடைத்த விடை

1892-ல் சென்னை அரசு நிக்கல்சனிடம் ஒரு தனிப் பணியை ஒப்படைத்தது. விவசாய வங்கிகளை இந்த மாகாணத்தில் தொடங்க முடியுமா என்று பார்க்க வேண்டும். அதற்காக ஐரோப்பிய நாடுகளின் அனுபவத்தை ஆராய வேண்டும்.

அவர் கவனத்தை மிகவும் ஈர்த்தது ஜெர்மனியில் ரைபைசன் உருவாக்கிய சங்க முறை. பிரெடெரிக் வில்ஹெல்ம் ரைபைசன், வெஸ்டர்வால்ட் மலைப்பகுதியில் சிறு ஊர்களின் மேயராக இருந்தவர். 1846-47 குளிர்காலப் பஞ்சத்தில் ஊரார் துணையோடு பொது அடுப்பு கட்டி, ஏழைகளுக்குக் குறைந்த விலையில் ரொட்டி கிடைக்கச் செய்தார். பிறகு மாடு வாங்கக் கடன் தரும் சங்கம் அமைத்தார். வசதியானவர்களின் தருமத்தை மட்டும் நம்பிய சங்கங்கள் நெடுநாள் நிற்காது என்பதை அனுபவத்தில் கண்டு, 1860-களில் கடன் வாங்குவோரே உறுப்பினராகும் சங்கங்களுக்கு மாறினார். 1888-ல் அவர் இறந்தபோது அந்த முறை ஜெர்மனியின் பல கிராமங்களில் வேரூன்றியிருந்தது.

அதன் விதிகள் எளிமையானவை. ஒரு சங்கத்தின் எல்லை சிறிய ஊர் அளவுதான். உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வேண்டும். வருமானம் தரும் வேலைக்கே கடன். சங்கம் பட்ட கடனுக்கு எல்லா உறுப்பினரும் பொறுப்பு. நிர்வாகிகள் சம்பளம் வாங்குவதில்லை. மிச்சப்படும் லாபம் பொது நிதியில் சேரும். அறுவடை முடிந்து பணம் வரும் காலத்தை ஒட்டித் தவணை அமையும்.

அண்டை வீட்டார் பொறுப்பேற்பதால், வாங்கிய பணத்தில் மாடு வந்ததா, பணம் வீணானதா என்று பார்க்கத் தனி அதிகாரி தேவையில்லை. ஊரே பார்த்துக்கொள்ளும். ஒரு வங்கி பெரும் செலவு செய்து திரட்ட வேண்டிய தகவல், ஊருக்குள் செலவில்லாமல் கிடைத்தது. வட்டி குறைந்ததற்கு அதுவே பெரிய காரணம்.

இரண்டு தொகுதி அறிக்கை

நிக்கல்சனின் அறிக்கை 1895-லும் 1897-லும் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. சென்னை மாகாணக் கிராமங்களின் கடன் சுமை சுமார் 45 கோடி ரூபாய் என்று அவர் மதிப்பிட்டார். அன்றைய பண மதிப்பில் அது மலைக்க வைக்கும் தொகை. மாகாணத்தில் ஏற்கெனவே இயங்கிவந்த நிதிகளையும் ஆராய்ந்து, சேர்ந்து சேமிப்பது நம் மக்களுக்குப் புதிதல்ல என்று காட்டினார்.

சுலபமாகக் கடன் கிடைத்தால் போதும் என்று அவர் எண்ணவில்லை. சிக்கனமும் சேமிப்பும் இல்லாத இடத்தில் மலிவான கடன் குடியானவரை இன்னும் ஆழமான குழியில் தள்ளும் என்று எச்சரித்தார். அரசுப் பணத்தைக் கொட்டினாலும் பயன் இல்லை. ஊருக்கு ஊர் நாணயமாக முன்னின்று நடத்த ஒரு ரைபைசன் வேண்டும், அத்தகைய மனிதரைத் தேடிப் பிடியுங்கள் என்பதே அவரது அறிக்கையின் சாரம்.

அறிக்கை உடனே சட்டமாகிவிடவில்லை. 1901-ல் பஞ்ச கமிஷன் உறுப்பினராகவும், கூட்டுறவுச் சட்டத்துக்கு அடிப்படை வகுத்த எட்வர்ட் லா குழுவின் உறுப்பினராகவும் இருந்து அவர் தன் கருத்தை எடுத்துச் சென்றார். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சட்டம் வந்தது. ஒரே ஊரைச் சேர்ந்த 10 பேர் கூடினால் சங்கம் பதிவு செய்யலாம். அதே ஆண்டு ஆகஸ்டில், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திரூரில் மாகாணத்தின் முதல் கிராமக் கடன் சங்கம் பதிவானது. இன்றைய தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கங்களின் மூத்த சங்கம் அது.

கடலோரத்திலும் அதே வழி

பணி ஓய்வுக்குப் பிறகும் நிக்கல்சன் ஓய்ந்திருக்கவில்லை. சென்னை அரசு 1905-ல் மீன்வளம் பற்றி ஆராயச் சொன்னது. ஜப்பானுக்கும் சென்று மீன்பிடித் தொழிலைப் பார்த்து வந்தார். 1907-ல் அமைந்த மீன்வளத் துறையின் கௌரவ இயக்குநராக 1918 வரை இருந்தார். மீனை டப்பாவில் அடைத்தல், மேற்குக் கரையின் மத்தி மீனிலிருந்து எண்ணெயும் உரமும் எடுத்தல் ஆகியவற்றைச் சோதித்து மீனவர்களுக்குக் காட்டினார். வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, பிடித்த மீனை அவர் சொன்ன விலைக்கே கொடுக்கும் மீனவரின் கஷ்டம் குடியானவரின் கஷ்டத்தைப் போன்றதே என்று கண்டு, அங்கும் கூட்டுறவுச் சங்கங்களை வலியுறுத்தினார். 1936-ல் குன்னூரில் காலமானார்.

விட்டுப்போனதும் மீண்டும் வந்ததும்

அவர் விதைத்தது முழுதாக விளையவில்லை. 1951-52-ஐ ஒட்டி நடந்த அகில இந்திய கிராமக் கடன் ஆய்வில், விவசாயிகள் வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு சுமார் 3 சதவீதம் மட்டுமே என்று தெரிந்தது. நிலம் உள்ளவருக்கே சங்கத்தின் கதவு எளிதில் திறந்தது. சிட்டா இல்லாத குத்தகைதாரரும் தோட்டக் கூலியும் வெளியே நின்றார்கள். ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்வது குறைந்து, மேலிருந்து வரும் உத்தரவுக்குக் காத்திருக்கும் பழக்கம் பல சங்கங்களில் வந்தது.

அந்த இடைவெளியை நிரப்ப வந்தவைதான் சுய உதவிக் குழுக்கள். தமிழகத்தில் 1989-ல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தர்மபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கின. 1992-ல் நபார்டு குழுக்களை வங்கிகளோடு இணைத்தது. 1997-98 முதல் மகளிர் திட்டம் மாநிலம் முழுவதும் பரவியது. முதலில் சேமிப்பு, பிறகு உள்கடன், அதன்பிறகே வங்கிக் கடன் என்ற வரிசை, நிக்கல்சன் வற்புறுத்திய வரிசையே.

இன்று போடி போன்ற ஊர்களில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கூட்டுப் பொறுப்பு என்ற பெயரை வைத்துக்கொண்டு, சேமிப்பும் இல்லாமல், எதற்குக் கடன் என்ற கேள்வியும் இல்லாமல், வாரம் தவறாமல் வசூலுக்கு மட்டும் வருவோர் பெருகிவிட்டார்கள். ஒருவர் கட்டத் தவறினால் மற்றவர்கள் அவர் வாசலில் நிறுத்தப்படுகிறார்கள். இத்தகைய கெடுபிடி வசூலைத் தடுக்கத் தமிழக அரசு 2025-ல் தனிச் சட்டமே இயற்ற வேண்டி வந்தது.

ஏலக்காய் வருமானம் வாரம்தோறும் ஒரே அளவில் வருவதில்லை. சுமார் 40 நாளுக்கு ஒரு பறிப்பு. கனமழை பெய்தால் மலைக்கு ஜீப் போகாது, கூலியும் இல்லை. 2019-ல் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட காய், அடுத்த சில ஆண்டுகளிலேயே ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. இப்படிப்பட்ட தொழிலை நம்பியவருக்கு வாரத் தவணை பொருந்தாது. பறிப்புக் காலத்தில் கூடுதலாகவும், வேலையில்லாத மாதங்களில் குறைவாகவும் கட்டும் ஏற்பாட்டைக் கடன் வாங்கும் முன்பே குழு கேட்டுப் பெற வேண்டும்.

குழுவில் சேரும் முன் பார்க்க வேண்டியவை நான்கு. உறுப்பினர்கள் ஒரே தெரு அல்லது ஒரே ஊரைச் சேர்ந்தவர்களா? கடனுக்கு முன் சில மாதமாவது சேமிப்பு நடந்ததா? கணக்கு நோட்டு கூட்டத்தில் எல்லோர் முன்னும் படிக்கப்படுகிறதா? வாங்கும் பணம் வருமானம் தரும் வேலைக்குப் போகிறதா? நான்குக்கும் ஆம் என்றால் கூட்டுப் பொறுப்பு பலம். ஒன்றுக்கு இல்லை என்றாலும், கையெழுத்துப் போடும் முன் குழு கூடிப் பேசிச் சரிசெய்துகொள்வது நல்லது.